அக்காள் தங்கைச் சட்டையும் காகித மாதிரியின் வரலாறும்

ஒரு வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு 9 வயது. இளையவளுக்கு 4 வயது. தீபாவளிக்கு இருவருக்கும் ஒரே துணியில், ஒரே வகைக் கழுத்தும் கையும் வைத்துச் சட்டை தைத்துவிட வேண்டுமென்று தாய் விரும்புகிறாள். கேட்பதற்கு எளிய ஆசைதான். ஆயினும், துணியை விரித்துக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவுடனே அஃது எளியதன்று என்பது விளங்கிவிடும். ஒரே வடிவம் இரண்டு உடல்களுக்கு எவ்வாறு பொருந்தும்? மூத்தவளின் சட்டையைச் சிறிதாக்கினால் அது இளையவளின் சட்டை ஆகிவிடுமா?

இக்கேள்வி பினாங்கு மாநிலத்துச் சுங்கை பாக்காப்பிலும் எழும். கடல் கடந்த அமெரிக்கச் சிற்றூரிலும் எழும். அதற்குக் கிடைத்த விடைகளுள் ஒன்றே, கடைகளில் உறையிலிட்டு விற்கப்படும் ‘பேட்டர்ன்’ என்னும் காகித மாதிரி. பல அளவுகளில் வெளிவந்த மாதிரியின் வரலாறு 1863ஆம் ஆண்டில் தொடங்குகிறது. தமிழர் கண்டிருந்த விடையோ வேறு. இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால்தான் இரண்டின் அருமையும் தெளிவாகும்.

துணியும் வெட்டும்

ஆடையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களைச் சற்று உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ‘துணி’ என்பது துணிக்கப்பட்டது, ‘துண்டு’ துண்டிக்கப்பட்டது, ‘அறுவை’ அறுக்கப்பட்டது, ‘கூறை’ கூறு செய்யப்பட்டது. ‘வேட்டி’ என்பதும் வெட்டு என்னும் வினையடியாகப் பிறந்தது என்பர். சங்கப் புலவருள் ஒருவராகிய மதுரை இளவேட்டனார் ‘அறுவை வாணிகன்’ என்றே அழைக்கப்பெற்றார். இச்சொற்கள் அனைத்தும் வெட்டுதலையே சுட்டுகின்றன. ஆயின், எந்த வெட்டு? தறியிலிருந்து நீளமாக வெட்டி எடுக்கும் வெட்டு. உடலின் வளைவுக்கேற்ப வெட்டும் வெட்டு அன்று.

உடலுக்கேற்ப வெட்டித் தைத்த ஆடையைத் தமிழர் அறியாதவர் அல்லர். முல்லைப்பாட்டு யவன வீரரின் சட்டையை ‘மெய்ப்பை’ என்கிறது. மெய்யை இட்டுவைக்கும் பை என்பது எத்துணைப் பொருத்தமான பெயர்! சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப் பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரை எண்ணிச் சொல்லுகையில் ‘துன்னகாரர்’ என்னும் தையற்காரரையும் சேர்த்தே சொல்கிறது. எனவே தையற்கலை பழையது. ஆனால், பெருவாரியான மக்களின் அன்றாட உடை தைக்கப்படாத நீள்துணியாகவே நெடுங்காலம் இருந்தது. நீள்துணிக்கு அளவுச் சிக்கல் இல்லை. மெலிந்தவரும் பருத்தவரும் ஒரே சேலையை உடுத்தலாம். கொசுவத்தில் இரண்டு மடிப்புக் கூடும் அல்லது குறையும். அவ்வளவே.

சட்டையும் ரவிக்கையும் வீட்டுக்குள் வந்தபோதுதான் அளவு என்னும் சிக்கலும் உடன் வந்தது.

அளவு ரவிக்கையும் டக்கு மடிப்பும்

இச்சிக்கலுக்குத் தமிழ் இல்லங்கள் இரண்டு வழிகளைக் கண்டன. முதலாவது, ‘அளவு ரவிக்கை’. புதுத்துணியோடு, நன்றாகப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றையும் தையற்காரரிடம் கொடுத்து, “இந்த அளவுக்கே தையுங்கள்” என்று சொல்வது வழக்கம். இவ்வழக்கம் இன்றும் மறைந்துவிடவில்லை. பொருந்திய ஆடையே அடுத்த ஆடைக்கு மாதிரி. காகிதம் வேண்டா, எழுத்து வேண்டா, எண்ணும் வேண்டா. மிகச் சிக்கனமான முறை.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. வளர்ந்து முடிந்தவருக்கே இது பயன்படும். சென்ற தீபாவளிச் சட்டையை இந்தத் தீபாவளிக்கு அளவாகக் கொடுத்தால், குழந்தைக்குப் புதுச்சட்டை முதல் நாளே இறுக்கமாகிவிடும்.

ஆகவே குழந்தைகளுக்கு இரண்டாவது வழி தோன்றியது. பாவாடையின் அடிப்பக்கத்தில் இரண்டு மூன்று வரிசையாக ‘டக்கு’ என்னும் மடிப்பை வைத்துத் தைத்துவிடுவர். ஆண்டுக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிட, பாவாடை குழந்தையோடு சேர்ந்து நீளும். சட்டையின் பக்கத் தையலுக்கு உள்ளேயும் ஓரிரு விரற்கிடைத் துணியை விட்டு வைப்பர். இடுப்பில் பாவாடை நிற்காத சிறுமிக்கு ‘பாடி’ வைத்துத் தைப்பர். மடிப்பைப் பிரித்த இடத்தில் துணியின் நிறம் மங்காமல் புதிதாகத் தெரியும். பாவாடைக்கு எத்தனை வயது என்பதை அக்கோடுகளை எண்ணியே சொல்லிவிடலாம்.

இம்முறையின் உட்பொருள் யாது? ஒரே ஆடை பல ஆண்டுகளுக்கு உதவ வேண்டும். மூத்தவள் உடுத்தித் தீர்ந்ததும் இளையவளுக்கு இறங்க வேண்டும். வறுமையும் அறிவும் சேர்ந்து கண்ட தீர்வு இது. ஆனால், இதில் இழப்புக்குரியவள் ஒருத்தி இருந்தாள். அவளே தங்கை. அவளுக்கு வந்து சேர்ந்தது எப்போதும் அக்காளின் நிறம், அக்காளின் கறை, பிரிக்கப்பட்ட மடிப்பின் கோடு. தீபாவளியன்று இருவருக்கும் ஒரே மாதிரிப் புதுச்சட்டை என்பது, ஆகவே, வெறும் அழகு ஆசையன்று. இவளும் அவளுக்கு நிகர் என்று வீட்டார் அறிவிக்கும் ஒரு முறை அது.

ஸ்டெர்லிங் ஊர்த் தையற்காரர்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்றொரு சிற்றூர். 1826இல் அங்குப் பிறந்த எபனேசர் பட்டரிக் தையல் தொழில் செய்து வந்தார். 1863ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய மனைவி எல்லன் பட்டரிக், தம் குழந்தைக்குக் கட்டம் போட்ட பருத்தித் துணியில் உடை தைக்க அமர்ந்தாராம். கையிலிருந்த மாதிரி குழந்தையின் அளவுக்கு ஒத்துவரவில்லை. மெழுகுச் சுண்ணத்தால் துணிமேல் கோடிட்டு, அதைச் சிறிதாக்க முயன்று களைத்தார். “ஒரே மாதிரியைப் பல அளவுகளில் வெட்டி வைத்தால் எவ்வளவு எளிதாயிருக்கும்!” என்னும் கருத்தை அவர் கணவரிடம் தெரிவித்தார் என்பது அந்நிறுவனம் மரபாகச் சொல்லிவரும் வரலாறு.

அதற்கு முன்பும் காகித மாதிரிகள் இல்லாமல் இல்லை. பெண்களுக்கான இதழ்கள் மாதிரி வரைபடங்களை வெளியிட்டன. எல்லன் டெமொரெஸ்ட் என்னும் அம்மையார் நியூயார்க்கில் மாதிரிகளை விற்றும் வந்தார். ஆனால், அவை பெரும்பாலும் ஒரே அளவின. வாங்கியவரே தம் உடலுக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கொள்ளவேண்டும். அளவு வரிசை என்பதே பட்டரிக் குடும்பத்தின் புதுமை.

முதலில் தடித்த அட்டையில் வெட்டிப் பார்த்தனர். அது மடிக்க இசையவில்லை. பின்னர் மெல்லிய டிஷ்யூ காகிதத்துக்கு மாறினர். மடித்து உறையிலிடவும், அஞ்சலில் அனுப்பவும் அதுவே ஏற்றதாயிற்று. தொடக்கத்தில் ஆடவர் சட்டைகளுக்கும் சிறுவர் உடைகளுக்குமே மாதிரிகள் வெளிவந்தன. இத்தாலிய வீரர் கரிபால்டியின் படையுடையைப் போன்ற சிறுவர் உடை மாதிரி மிகுந்த செல்வாக்குப் பெற்றது. 1864இல் நிறுவனம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. 1866இல் மகளிர் உடை மாதிரிகளும் சேர்ந்தன. பின்னர் ‘டிலினியேட்டர்’ என்னும் இதழ் தோன்றியது. பிற்காலத்தில் புகழ்பெற்ற நாவலாசிரியர் தியோடர் டிரைசர் 1907 முதல் 1910 வரை அவ்விதழுக்கு ஆசிரியராக இருந்தார் என்பது இலக்கிய அன்பர்களுக்குச் சுவையான செய்தி.

பட்டரிக்கைப் பின்பற்றிப் பலர் வந்தனர். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஜேம்ஸ் மெக்கால் 1870இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1927இல் ‘சிம்ப்ளிசிட்டி’ நிறுவனம் 15 சென்ட் விலையில் மாதிரிகளை விற்று, அவற்றை எளியோர் கைக்கும் கொண்டு சேர்த்தது. ஜெர்மனியில் ஏன்னே பூர்டா என்னும் அம்மையார் 1950 ஜனவரியில் தொடங்கிய ‘பூர்டா மோடன்’ இதழ், 1952 முதல் மாதிரித் தாள்களை இணைத்தே வெளிவந்தது. ஒரே பெரிய தாளில் பல உடைகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடும். வேண்டிய கோட்டை மட்டும் தனித்தாளில் வரைந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிறியது பெரியதன் சுருக்கம் அன்று

அளவு வரிசை ஏன் அத்துணைப் பெரிய புதுமை? குழந்தையின் உடல் வளரும் முறையில் விடை இருக்கிறது.

பிறந்த குழந்தையின் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலை. வளர்ந்தவரிடத்திலோ அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கே. பொதுவாக வழங்கும் ஆடை அளவுப் பட்டியல்களின்படி, 98 சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தையின் மார்புச் சுற்று ஏறத்தாழ 55 சென்டிமீட்டர். 134 சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தைக்கு அது ஏறத்தாழ 68. அதாவது, உயரம் நூற்றுக்கு 37 பங்கு கூடும்போது மார்பு நூற்றுக்கு 24 பங்கே கூடுகிறது. தலையின் சுற்றளவோ மிகச் சிறிதளவே கூடுகிறது.

இதன் விளைவு தையலில் உடனே தெரியும். அக்காளின் சட்டையை நிழற்படம்போல் அப்படியே சிறிதாக்கினால், தங்கையின் உடம்புக்கு அது இறுகும். கழுத்து வழியே தலை நுழையாது. ஆகவே சிறிய சட்டைக்கு முதுகுப்புறம் திறப்பு வைத்துப் பொத்தான் தைக்க வேண்டும். கையின் வளைவு, தோளின் சரிவு, இடுப்பின் இடம் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி விகிதத்தில் மாற வேண்டும். பக்கவாட்டில் மட்டும் துணியைக் கூட்டினால் போதாது. மாதிரியை நடுவே குறுக்கும் நெடுக்குமாக வெட்டிச் சம அளவில் விலக்கி வைத்தால்தான் கழுத்தும் அக்குளும் கோணாமல் பெரிதாகும். தேர்ந்த தையற்காரர் இதைக் கைப்பழக்கத்தால் அறிவார். அந்த அறிவைத் தாளில் இறக்கி, தையற்காரர் அல்லாதவர் கையிலும் கொடுத்ததே காகித மாதிரியின் பணி.

நெடுங்காலம் ஓர் உறையில் ஓர் அளவே இருந்தது. 9 வயது அக்காளுக்கு ஓர் உறை, 4 வயது தங்கைக்கு மற்றோர் உறை என இரண்டு வாங்க வேண்டும். சிக்கனமான தாய்மார் ஒன்றை மட்டும் வாங்கி, மற்றதைத் தாமே செய்தித்தாளில் கூட்டியோ குறைத்தோ வெட்டிக்கொண்டனர். பல அளவுகளின் கோடுகளை ஒரே தாளில் அச்சிடும் வழக்கம் பிற்பாடுதான் பரவியது.

அக்காள் தங்கை உடை என்றால் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாகவே இருக்க வேண்டுமென்பதும் இல்லை. பூப்போட்ட துணியில் மூத்தவளுக்குச் சட்டையும் வெற்றுத்துணியில் கழுத்துப் பட்டையும். வெற்றுத்துணியில் இளையவளுக்குச் சட்டையும் பூந்துணியில் பட்டையும் என மாற்றி வைத்தால் இரண்டும் இணங்கி நிற்கும். இதில் சிக்கனமும் உண்டு. பெரிய துண்டுகளை முதலில் அடுக்கி, இடையில் எஞ்சும் சந்துகளில் சிறிய துண்டுகளைப் பொருத்தி வெட்டினால், அக்காளின் சட்டையில் மிஞ்சியதே தங்கைக்குக் கையும் கழுத்துப் பட்டையும் ஆகும்.

பிரிட்டிஷ் இளவரசியர் எலிசபெத்தும் மார்கரெட்டும் சிறுவயதில் ஒரே மாதிரி உடைகளில் தோன்றிய படங்கள் உலகெங்கும் பரவின. 1937ஆம் ஆண்டு மே திங்கள் தந்தையின் முடிசூட்டு விழாவுக்கு அவர்கள் ஒத்த உடைகளில் வந்தபோது, மூத்தவருக்கு 11 வயது. இளையவருக்கு 6 வயது. அரண்மனைக்கும் குடிசைக்கும் இவ்வாசை பொதுவானது போலும்.

மனைவிக்காகவா, மனைவியாலா?

காகித மாதிரி பரவியதற்குத் தையல் இயந்திரம் பெருந்துணை. ஐசக் சிங்கர் 1851இல் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856இல் தவணை முறையைப் புகுத்தினார். மாதந்தோறும் சிறுதொகை கட்டி இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்றானபின், அது உலகின் மூலைமுடுக்கெல்லாம் சென்றது. இலங்கையில் 1877இலேயே கொழும்பு நகரில் சிங்கர் விற்பனை தொடங்கிவிட்டது.

இயந்திரங்களின் பெருக்கத்தைக் கண்டித்த காந்தியடிகளும் இதற்கு மட்டும் விலக்களித்தார். 1924இல், பின்னாளில் திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தை உருவாக்கிய கோ. இராமச்சந்திரனோடு உரையாடுகையில், சிங்கர் இயந்திரத்தைப் பயனுள்ள கண்டுபிடிப்பு என்று போற்றினார். மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் காணப் பொறாத அன்பினால் சிங்கர் அதை இயற்றினார் என்பது அடிகள் கேட்டிருந்த செய்தி. சிங்கரின் வரலாறோ அதற்கு இடந்தரவில்லை. பாஸ்டன் நகரப் பட்டறை ஒன்றில் கண்ட குறையுள்ள இயந்திரத்தைத் திருத்தியமைத்தே அவர் வெற்றி கண்டார். அன்பைவிட ஆதாயமே அவரை இயக்கியது.

இங்கே ஒரு வேடிக்கை. மனைவிக்காகச் செய்யப்பட்டது என்று புகழப்பெற்ற இயந்திரம் அவ்வாறு செய்யப்பட்டதன்று. மனைவியின் கருத்திலிருந்து பிறந்ததாக அந்நிறுவனமே ஒப்பும் காகித மாதிரியின் உறைமீதோ கணவரின் குடும்பப் பெயர் மட்டுமே அச்சாகிறது. இல்லத்தில் பிறந்த அறிவு கடைக்குச் சென்றபோது பெயரை வாசற்படியில் விட்டுச் சென்றது.

சுங்கை பாக்காப்பும் சாக்குத் துணிக் காலமும்

கிழக்கிந்தியக் கம்பெனி 1800இல் கெடாவிடமிருந்து பெற்ற வெல்லெஸ்லி மாகாணத்தின் தென்பகுதியில், சிம்பாங் அம்பாட்டுக்கும் நிபோங் திபாலுக்கும் இடையே பழைய நெடுஞ்சாலையில் சுங்கை பாக்காப் அமைந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டில் இப்பகுதி கரும்புக்குப் பெயர் பெற்றது. கரும்புத் தோட்ட முதலாளியான தியோச்சூ சீனர் கீ லாய் ஹுவாட் இப்பட்டணத்தை உருவாக்கினார். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் உழைக்கத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது; கங்காணி முறையும் 1938இல் இந்திய அரசு தடை விதித்ததோடு முடிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தபோதும் உழைத்த கைகள் மாறவில்லை.

சோழமண்டலக் கரையின் துணி பன்னூற்றாண்டுகளாக மலாய் நாடுகளுக்கு ஏற்றுமதியானது. பினாங்கில் தமிழ் முஸ்லிம் வணிகர் அவ்வாணிகத்தைத் தொடர்ந்தனர். வட இந்தியத் துணி வணிகர் சைக்கிளில் மூட்டை கட்டித் தோட்டந்தோறும் வந்து கடனுக்குத் துணி கொடுத்தது மலாயா மக்கள் நன்கறிந்த காட்சி. பினாங்கு நகரில் 1852இல் கன்னியர் மடப் பள்ளி தொடங்கியது முதல் ஊசிவேலை பள்ளிப் பெண்களின் கல்வியில் இடம்பெற்றது. ஆனால், அந்த நகரக் கல்வி தோட்டத்து லயன் வீடுகளை எளிதில் எட்டவில்லை. அங்கே அளவு ரவிக்கையும் டக்கு மடிப்புமே பள்ளி.

1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றினர். கப்பல்கள் நின்றன, துணி வரத்து அற்றது. 1945 வரை மலாயா மக்கள் பட்ட துணிப் பஞ்சம் சொல்லுந்தரமன்று. சாக்கை வெட்டி உடுத்தியோர் பலர். தோட்டத் தமிழருள் அவ்வாறு வாழ்ந்தோர் மிகப் பலர். உழைக்கும் வயதினர் பலரைச் சயாம் மரண ரயில்பாதை வேலை விழுங்கிக்கொண்டது.

அதே காலத்து அமெரிக்காவிலும் எளிய வீட்டார் சாக்குத் துணியில் உடை தைத்தனர் என்பது ஒப்பிட்டு எண்ணத்தக்கது. அங்கே மாவும் தீவனமும் பருத்திப் பைகளில் வந்தன. பெண்கள் அவற்றைத் தைத்து உடுத்துவதை அறிந்த ஆலைக்காரர், பூ அச்சிட்ட பைகளிலேயே சரக்கை அனுப்பினர். ஒரே பூவில் மூன்று பைகள் சேர்ந்தால் ஓர் உடை. அதற்கெனத் தையல் கையேடுகளும் வெளிவந்தன. அங்கே சாக்கு அக்காள் தங்கையர்க்குப் பூச்சட்டை ஆயிற்று. இங்கே அது மானம் மறைக்கும் சணல் ஆயிற்று. மாதிரித்தாள் எவ்வளவு சிறந்ததாயினும், துணி இல்லாத வீட்டில் அது வெறுந்தாளே. போருக்குப்பின் கடைகளில் மீண்டும் துணி தொங்கியபோது, பெண் குழந்தைகள் இருவருக்கும் ஒரே துணியில் புதுச்சட்டை எடுத்த மகிழ்ச்சிக்கு அளவேது?

எஞ்சியிருப்பவை

2001இல் மெக்கால் நிறுவனம் பட்டரிக்கையும் வோக் மாதிரிகளையும் வாங்கியது. போட்டியாளர் ஒரு குடைக்கீழ் வந்தனர். அமெரிக்காவில் மாதிரி உறைகளை வரிசை வரிசையாக அடுக்கி விற்ற ‘ஜோஆன்’ கடைகள் 2025இல் முற்றும் மூடப்பட்டன. கணினிவழி வாங்கிய மாதிரியை வீட்டிலேயே அச்சிட்டு, தாள்களை ஒட்டி வெட்டுவோர் பெருகியுள்ளனர். மலேசியாவில் பண்டிகைக்குக் குடும்பமே ஒத்த நிறத்தில் உடுத்தும் வழக்கத்துக்கு மலாய் மொழியில் ‘செடொண்டொன்’ என்று பெயர். தமிழ் வீடுகளிலும் அச்சொல் ஒலிக்கிறது. ரோட் ஐலண்டு பல்கலைக்கழகம் பழைய காகித மாதிரிகளைத் திரட்டி ஆவணமாகப் பாதுகாத்து வருகிறது. கிழிந்துபோகும் டிஷ்யூ தாளுக்கும் அங்கே ஓர் இடம் கிடைத்துவிட்டது.

தமிழ்த் தாய்மாரின் முறைக்கோ தாளே இல்லை. அதன் ஆவணம் அவர்தம் சொற்களே. தையற் பெட்டியைத் திறந்தால் ஒரு மொழி வரலாறே கிடைக்கிறது: ஊசியும் நூலும் தமிழ், ரவிக்கை தெலுங்கிலிருந்து வந்தது, பொத்தானும் அல்பினேத்தும் போர்த்துகேசியர் விட்டுச் சென்றவை, கவுன் ஆங்கிலம். கொசுவம், சுருக்கு, டக்கு, பாடி, காஜா, பிசிர் எனக் கைவேலையோடு வாழ்ந்த சொற்கள் எத்தனையோ. நூல் என்னும் ஒரே சொல்லால் இழையையும் ஏட்டையும் குறித்த மொழி இது. நூலுக்குப் பஞ்சையும் நூற்பவளையும் உவமையாக்கி விளக்கிய நன்னூலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், இழையைச் சார்ந்த இச்சொற்களையும் ஏட்டில் ஏற்றலாம். மாணவியர் தம் பாட்டிமாரிடம் கேட்டு, எந்த மடிப்புக்கு என்ன பெயர், பாவாடை எத்தனை ஆண்டுக்கு வந்தது, எந்தத் தீபாவளிக்கு இருவருக்கும் ஒரே மாதிரிச் சட்டை கிடைத்தது என எழுதி வந்தால், சுங்கை பாக்காப் போன்ற ஊர்களின் வரலாற்றில் இதுவரை எழுதப்படாத ஒரு பகுதி நிரம்பும்.

ஒத்த அன்புக்கு ஒரே அளவு ஆகாது. அவரவர் உடம்புக்கு அவரவர் அளவு வேண்டும். பட்டரிக் வீட்டு அம்மையார் காகிதத்தில் கண்ட அவ்வுண்மையை, ஒரே துணியை இரண்டாக வெட்டிய ஒவ்வொரு தாயும் கத்தரிக்கோலின் முனையில் கண்டிருந்தாள்.